தனியே சென்ற விமானம்

வட மலாயாவில் உள்ள பட்டர்வொர்த் விமானத் தளத்தில், 1941 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் மேலே எழும்பிய வேளையில் ஜப்பானியர் அத்தளத்தின்மீது குண்டு வீசினர். மற்ற விமானங்கள் தரையிலேயே முடங்கின. ஸ்கார்ஃப் பின்வாங்கவில்லை. தென் தாய்லாந்தில் ஜப்பானியர் வசமிருந்த சிங்கோரா தளத்தைத் தாக்கத் தன் ஒரே விமானத்துடன் சென்றார்.

திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஸ்கார்ஃபின் இடக்கை சிதைந்தது, முதுகிலும் பலத்த காயம். உடனிருந்த இருவர் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டாரில் சக்கரங்களை இறக்காமலே விமானத்தைத் தரையிறக்கி அவர்களைக் காப்பாற்றினார். 28 வயதில் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

1946இல் அவருக்கு, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில், மலாயாவைக் காக்க வந்த இந்தியப் படைவீரர் பலரோடு அவரும் துயில்கிறார். பெயர் தெரியாத வீரர்களும் அங்கே உண்டு.