கடல் படித்த நாட்கள் – 9: முகத்துவாரத்திலிருந்து மேற்கே

பரங்கிப்பேட்டையில் களப்பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். எனக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. எந்தத் தண்ணீரை அங்கே அளந்துகொண்டிருந்தேனோ, அந்தத் தண்ணீர் புறப்படும் ஊருக்கே நான் திரும்பிப் போனேன். ஆத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும் வசிஷ்ட நதி, கிழக்கே சுவேத நதியோடு சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. அது தொழுதூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள்தான் நான். ஆனாலும் கழிமுகத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்ற பிறகுதான் அது என் சொந்த விஷயமாயிற்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. பேராசிரியர் சேஷையா காலத்திலிருந்து இந்தக் கழிமுகத்தைத் தலைமுறை தலைமுறையாக அளந்து வருகிறார்கள். படகில் முகத்துவாரத்திலிருந்து மேலே போகப்போக, உப்புமானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம். கடல் வாயில் 35ஐ ஒட்டி நிற்கும் அளவு, மேற்கே போகப்போக இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்துவிட்டால் முகத்துவாரமே ஏறக்குறைய நன்னீராகிவிடும்.

அந்த வெள்ளம் கொண்டுவருவது தண்ணீரை மட்டுமல்ல. மலைப்பாறை மழையில் கரைந்து சிலிக்கேட்டாக ஆற்றில் இறங்குகிறது. கழிமுகத்தில் காத்திருக்கும் டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகள் அதை எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் நான் முதலில் பார்த்தது காசினோடிஸ்கஸ். வட்டமான ஓடு, அதில் வரிசை பிசகாத பொத்தல்கள். அம்மா மாவு சலிக்கும் சல்லடையை யாரோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டதுபோல இருந்தது. அந்த ஓட்டில் இருக்கும் சிலிக்காவில் ஒரு துளியாவது எங்கள் ஊர்ப் பக்கத்து அருநூற்றுமலையிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. டயட்டத்தைத் தின்று நுண்விலங்குகள், அவற்றைத் தின்று மீன்குஞ்சுகள். அன்னங்கோயில் இறங்குதளத்தில் கூடை கூடையாக இறங்கும் மீனுக்கு எங்கள் மலைகளும் தீனி போடுகின்றன.

கடலூர், விருத்தாசலம் வழியாக ரயில். சின்னசேலம் தாண்டியதும் மரவள்ளிக் காடுகள் தொடங்கிவிடும். பரங்கிப்பேட்டைக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு: 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் அங்கே இரும்பாலை தொடங்கியபோது, தாது போனது சேலத்திலிருந்து.

வீட்டில் முதல் கேள்வி அம்மாயியிடமிருந்து வந்தது. "கடல்ல என்ன மீனு கண்ணு பாத்த?" நான் பட்டியல் சொல்லிக்கொண்டே வந்து விலாங்கு என்றதும் நிறுத்தினார். "விலாங்கா? அது நம்ம ஆத்துலயே கெடைச்சதுதான். வழுக்கிட்டு ஓடும். சாம்பலத் தொட்டுக்கிட்டுத்தான் புடிக்கோணும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விலாங்கு கடலில் பிறக்கிற மீன். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற மெல்லிய குஞ்சாகக் கழிமுகத்துக்குள் நுழைந்து, ஆற்றில் ஏறி, வருடக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகும். அம்மாயி சாம்பல் தொட்டுப் பிடித்த மீன், முகத்துவாரத்திலிருந்து வெள்ளாறு முழுக்க நீந்தி ஆத்தூர் வந்த மீன். வழியில் சேத்தியாத்தோப்பிலும் பெலாந்துறையிலும் அணைக்கட்டு. தொழுதூரில் வெலிங்டன் ஏரிக்குத் தண்ணீர் திருப்பும் அணை. வெள்ளம் நிறைந்து வழிந்த காலங்களில் இவற்றையும் தாண்டித்தான் அது வந்திருக்க வேண்டும். இப்போது ஆற்றில் அந்த ஓட்டமே இல்லை.

மறுநாள் காலை ஆற்றுக்குப் போனேன். துறை ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்த கண்ணாடிக் குப்பிகளும் மருந்துகளும் பையில் இருந்தன. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க விங்க்லர் முறை என்று ஒன்று உண்டு. குப்பி நிறையக் குமிழி இல்லாமல் நீர் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் படிவு பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் எடுத்த குப்பிகள் எல்லாம் விட்ட உடனே பழுப்பேறின. இங்கே பாலத்துக்குக் கீழே தேங்கிக் கிடந்த கலங்கல் நீரில் படிவு வெள்ளையாக இறங்கி, அடியில் வெள்ளையாகவே நின்றது. மீன் வளர லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். அந்தக் குப்பியில் சொல்லும்படி எதுவுமே இல்லை.

காரணம் தேட வேண்டியதில்லை, மூக்கே சொல்லும். இது மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு அரைக்கும் பருவம். சேகோ ஆலைகளில் கிழங்கைக் கழுவி அரைத்து, மாவைப் படியவிட்டு, திப்பியை மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிய பிறகு மிஞ்சுவது மாவுச்சத்து ஊறிய கழிவுநீர். அதைச் சுத்திகரிக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அந்த மாவைத் தின்று நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது இந்தத் தொழில்தான். ஆலைகளை மூடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தக் கழிவைக் காற்றுப்படாத தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்க முடியும். இந்த மாவட்டத்திலேயே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் எடுக்க வேண்டும், எடுக்கவைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே.

கடல் உயிரியல் படிக்கும் பிள்ளைகளை எல்லாத் துறைகளும் கடற்கரைக்கு அழைத்துப்போகின்றன. நல்லது. கூடவே ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கழிமுகத்து ஆற்றின் தலைமாட்டுக்கும் அழைத்து வரட்டும். பெலாந்துறை அணையில் ஏறி நின்று, விலாங்குக் குஞ்சு எங்கே முட்டி நிற்கும் என்று அவர்கள் பார்க்கட்டும். ஆத்தூர்ப் பாலத்தடியில் ஒரு குப்பி தண்ணீர் எடுக்கட்டும். இதை என் ஆசிரியருக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில் வரும்வரை நான் சும்மா இருக்கப்போவதில்லை. ஐப்பசி மழைக்கு ஆறு ஓடத் தொடங்கியதும் ஊருக்கு மேலே, ஊருக்குக் கீழே, தொழுதூர் அணைக்கு இரு பக்கமும், புவனகிரிப் பாலத்தடியிலும் நீர் எடுத்துச் சிலிக்கேட்டும் ஆக்சிஜனும் பார்க்கத் திட்டம். இடம் பார்த்து வைக்க முன்கூட்டியே தொழுதூர் போனபோது, மதகருகே வலை வீசிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விலாங்கு பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.