ஒரு ஜாண் என்ஜின் ஊர்ந்து போவது எப்படி?

கிரைண்டர் வாங்கக் கடைக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் எவர்சில்வர் பளபளப்பைப் பார்த்து விலை கேட்பார்கள். இன்னொரு சாரார் மூடியைத் திறந்து, கல்லைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாவு சூடேறாம அரைக்குமா?" என்று கேட்பார்கள். மாதிரி ரயில் என்ஜின் பிரியர்களிலும் இந்த இரண்டு கட்சிகளும் உண்டு. உடம்பில் உள்ள ரிவெட்டுகளை எண்ணிப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், முதலில் ஓட்டிக் காட்டு என்கிறவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. ரிவெட் முக்கியமில்லை என்பதால் அல்ல. நீளம், உயரம், அகலம் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்து, ஓட்டம் மட்டும் பத்து மடங்கு வேகத்தில் இருந்தால், அந்த மாதிரியில் பெரிய அளவுப் பிழை ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு என்ஜினை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பிரிட்டனில் எல்.எம்.எஸ். ரயில் கம்பெனிக்காக வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த 'பிளாக் ஃபைவ்' நீராவி என்ஜின். 1934 முதல் 1951 வரை 842 என்ஜின்கள் கட்டப்பட்டன. முதலில் வெளிவந்தவை வல்கன் பவுண்டரி என்ற பட்டறையில் செய்தவை. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய நம் நாட்டின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த என்ஜின்களும் அங்கே செய்யப்பட்டவைதான்.

பிரிட்டனில் பரவலாக உள்ள 'ஓ ஓ' அளவில், நிஜத்தின் ஒரு அடி மாதிரியில் 4 மி.மீ. ஆகும், ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. பிளாக் ஃபைவின் ஆறடி இயக்குசக்கரம் 24 மி.மீ. ஆகிவிடும். நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரையும் சேர்த்தால் என்ஜினின் நீளம் 25 செ.மீ. சொச்சம்.

வேகத்தையும் அதே 76-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. என்பது மேசைமேல் வினாடிக்கு 36 செ.மீ. ஆகிறது. ஸ்டேஷனுக்குள் ஆள் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கி.மீ. ஊர்கிற என்ஜினோ வினாடிக்கு 18 மி.மீ.தான் நகரவேண்டும். அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற 4 வினாடி. நான்கு வினாடி என்று வாசிக்கும்போது சாதாரணமாகத் தெரிகிறது. இணைப்புத் தண்டு மேலே ஏறி, முன்னே சாய்ந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறுவதைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இடையில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இங்கேதான் கிரைண்டர் உதவிக்கு வருகிறது. மோட்டார் தன் இயல்பில் வேகமாகச் சுற்றும் பொருள். அந்த வேகத்தில் கல்லைச் சுற்றினால் மாவு கூரையில் இருக்கும். அதனால் மோட்டாரில் சின்னச் சக்கரம், பாத்திரத்தின் அடியில் பெரிய சக்கரம், நடுவே பெல்ட் என்று வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த வேகம் இழுவிசையாகத் திரும்பிக் கிடைக்கிறது. என்ஜினுக்குள் பெல்ட்டின் வேலையைச் செய்வது வார்ம் கியர், அதாவது திருகாணி மரைபோல வெட்டிய ஒரு தண்டு. அது ஒரு சுற்றுச் சுற்றினால் கீழே உள்ள பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். குறைப்பு 40-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், நம் பிளாக் ஃபைவ் 100 கி.மீ. வேகத்தில் போக மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 11,600 சுற்றுச் சுற்றும். ஊர்ந்து போகையில் 580 சுற்று. குறைப்பு 20-க்கு 1 என்றால் அந்த 580 பாதியாகிவிடும். அத்தனை மெதுவாகச் சீராகச் சுற்றச் சின்ன மோட்டாருக்கு வராது. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் மூன்று துருவங்கள் மட்டும் இருந்தால், காந்தம் ஒவ்வொரு துருவத்தையும் இழுத்து விடுவது 'கடக் கடக்' என்று சக்கரம்வரை வந்து சேரும். ஐந்து துருவ மோட்டாரில் இது வெகுவாகத் தணிகிறது. நடுவில் இரும்பே இல்லாத 'கோர்லெஸ்' மோட்டாரில் இந்த உதறல் மறைந்தே போகிறது.

அடுத்தது இடறல். கிரைண்டரில் கல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று தட்டினால், மாவின் மேல் பழி போடமாட்டோம், அச்சைத்தான் பார்ப்போம். என்ஜினிலும் அப்படித்தான். பிளாக் ஃபைவில் இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்கவேண்டும். மாதிரியில் மூன்று அச்சுகளிலும் அந்தக் கோணம் ஒரேபோல இருக்கவேண்டும். ஓர் அச்சில் அது கொஞ்சம் பிசகினால், இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் இறுகிப் பிடித்து விடும். கோணம் 90-க்குப் பதில் 88 ஆக இருந்தாலும் மூன்றிலும் 88 என்றால் என்ஜின் ஓடும். ஒன்றில் மட்டும் 88 என்றால் இடறும். தண்டின் துளையைப் பெரிதாக்கிச் சமாளிப்பது தயாரிப்பாளர்களின் பழைய வழி. இடறல் போகும், தண்டுகள் லொடலொடக்கும். வார்மிலிருந்து கியரை விடுவித்து, சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தால் போதும், குற்றவாளி மோட்டாரா தண்டா என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்துக்கு வரும்போது கிரைண்டர் கொஞ்சம் நழுவுகிறது. கிரைண்டருக்கு வயரும் பிளக்கும் இருக்கின்றன. என்ஜினுக்குத் தண்டவாளம்தான் வயர். 12 வோல்ட் மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் ஏறி, சக்கரத்தின் முதுகை உரசும் பாஸ்பர் பிரான்ஸ் பட்டை வழியாக மோட்டாருக்குப் போய், மறு தண்டவாளத்தில் திரும்புகிறது. ஓடிக்கொண்டே பிளக் போடுகிற கதை. தண்டவாளத்தில் கருப்பாக ஒரு படலம் படிந்தாலோ, பாதை பிரியும் இடத்தில் பிளாஸ்டிக் துண்டு குறுக்கிட்டாலோ கரண்ட் போய்விடும்.

கரண்ட் போனாலும் கிரைண்டர் கல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். வார்ம் கியரில் அது நடக்காது. சக்கரம் வார்மைத் திருப்ப முடியாததால், மோட்டார் நின்ற கணமே என்ஜின் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். இதற்காகத்தான் மோட்டார் தண்டில் பித்தளை பிளைவீல் வைக்கிறார்கள். விளம்பரங்களில் இதற்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 11,600 சுற்றில் உள்ள ஆற்றலில் 400-இல் ஒரு பங்குதான் 580 சுற்றில் இருக்கும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் பிளைவீல் கையை விரித்துவிடும். ஊர்கிற என்ஜினைக் காப்பாற்றுவது, எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுப்பதும், டிஜிட்டல் முறையில் ஓடும் என்ஜின்களில் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கெப்பாசிட்டரும்தான்.

டிஜிட்டல் என்றதும் ஒலியும் விளக்கும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அதில் பிடித்தது வேறு. உளுந்து அரைகிற சத்தம் மாறுவதைக் காதில் வாங்கியே எப்போது தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று அம்மாக்களுக்குத் தெரியும் அல்லவா? என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் அதைத்தான் செய்கிறது. சுற்றுகிற மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர். டீகோடர் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் திருப்பி அனுப்பும் வோல்டேஜை அளக்கும். மேட்டில் ஏறி வேகம் தளர்ந்திருந்தால் உடனே கூடுதலாக ஊட்டும். இது வினாடிக்குப் பல தடவை நடக்கிறது.

இனி எடை. மாவை அரைப்பது கல்லின் எடை. ரயிலை இழுப்பது சக்கரத்தின் மேலுள்ள எடை. பிளாக் ஃபைவ் டெண்டர் நீங்கலாக 72 டன். எடை மூன்று பக்கமும் சுருங்குவதால் 76-ஆல் மூன்று முறை வகுக்கவேண்டும். விடை சுமார் 165 கிராம். அத்தனை லேசான என்ஜின் நான்கு பெட்டி இழுத்தாலே வழுக்கும். ஆகவே எடை மட்டும் அளவை மீறித்தான் ஆகவேண்டும். உலோகத்தை அடைத்து ஏற்றுகிறார்கள். சக்கரத்துக்கு ரப்பர் வளையம் மாட்டுவது குறுக்கு வழி. பிடிப்பு கிடைக்கும், ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அந்தச் சக்கரத்தின் தொடர்பு போச்சு. ஒரு காலத்தில் மோட்டாரையே டெண்டருக்குள் வைத்துப் பின்னாலிருந்து தள்ளவிட்டார்கள். என்ஜினின் சக்கரங்கள் சும்மா உருண்டன, சில நேரம் உருளாமல் சறுக்கின.

உருவமும் ஓட்டமும் முட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைய. மேசைக்கு அடங்கும் வளைவின் ஆரம் 438 மி.மீ. என்றால் நிஜத்தில் அது 33 மீட்டர். எந்த பிளாக் ஃபைவும் திரும்ப முடியாத வளைவு. அதில் போகவேண்டும் என்பதற்காகவே என்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது, அச்சுகள் பக்கவாட்டில் ஆட இடம் விடப்படுகிறது. தண்டவாள அகலமும் பொய்தான். நிஜத்தின் 4 அடி 8½ அங்குலம் 18.83 மி.மீ. ஆகவேண்டும், இருப்பதோ 16.5. பிரிட்டிஷ் என்ஜின்கள் உடல் சிறியவை, அந்தக் கால மோட்டார்கள் பெரியவை. மோட்டார் நுழைவதற்காக உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதைப் பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. அகலத்தில் தாங்களே தண்டவாளம் போட்டு, நிஜ அளவுக்கு மெலிந்த விளிம்புள்ள சக்கரங்களை மாட்டினார்கள். விளிம்பு மெலிந்ததும் கொஞ்சம் மேடு பள்ளம் வந்தாலே தடம் புரண்டது. வேறு வழியின்றி ஒவ்வொரு அச்சுக்கும் ஸ்பிரிங்கோ ஏறி இறங்கும் நெம்புகோலோ கொடுத்தார்கள். அப்போது ஆறு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டன, கரண்ட் அறுபடுவது குறைந்தது. கடையில் வாங்கும் என்ஜினை விட இவை மெதுவாகவும் சீராகவும் ஊர்கின்றன என்றால், பாதிக் காரணம் அந்த மெல்லிய விளிம்புதான்.