கையெழுத்திட்ட பிறகு கார் வேண்டாம் என்றால்?

சனிக்கிழமை மாலை, விற்பனையகத்தின் குளிர்ந்த அறையில் அமர்ந்து முன்பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். முன்பதிவுத் தொகை 20,000 ரூபாயைச் செலுத்தி, இனிப்பும் உண்டு வீடு திரும்புகிறோம். திங்கட்கிழமை காலை, தந்தைக்கு உடனடியாக அறுவை சிகிச்சை தேவை என்கிறார் மருத்துவர். காருக்கென ஒதுக்கிய சேமிப்பு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இனி அந்தக் காரை வேண்டாம் எனலாமா? சொன்னால் எவ்வளவு இழப்போம்?

ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துத் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு. காருக்கும் அப்படி ஏதோ இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இல்லை. மனம் மாறியதற்காகக் காரைத் திருப்பியளிக்கும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் எதுவும் தரவில்லை. ஆகவே, காரியம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே முக்கியம்.

முன்பதிவுப் படிவத்தில் பெரும்பாலும் காரின் வகையும் நிறமும் மட்டுமே இருக்கும். அடிச்சட்ட எண் இராது. எந்தப் பொருள் என்பது உறுதியாகும் வரை அதன் உரிமை வாங்குபவருக்கு மாறாது என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அந்தக் காரை விற்பனையாளர் அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம். அவருக்கு நேரும் இழப்பு சிறிதே. ‘முன்பதிவுத் தொகை திரும்பத் தரப்படாது’ என்று படிவத்தில் அச்சிட்டிருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை மேல்வரம்பே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். நேர்ந்த இழப்புக்கு முற்றிலும் பொருந்தாத தண்டத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றது என வகைப்படுத்துகிறது. விற்பனையாளர் பணம் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

நம் பெயரில் விலைப்பட்டியல் எழுதி, காப்பீடு எடுத்து, சாலை வரி கட்டி, பதிவும் முடிந்துவிட்டால் நிலைமை வேறு. ஓடாத காராயினும் அடுத்து வாங்குபவர் இரண்டாம் உரிமையாளரே. அதன் விலை அன்றே இறங்கிவிடுகிறது. அந்நிலையில் விற்பனையாளருடன் வழக்காடுவதைவிட, காரை நல்ல விலைக்கு விற்க முயல்வதே பெரும்பாலும் விவேகம்.

இதனால்தான் முதல் நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறோம். ‘மேலாளர் ஊரில் இல்லை, இரண்டு நாள் பொறுங்கள்’ என்பார் விற்பனைப் பிரதிநிதி. அந்த இரண்டு நாளில் பதிவே முடிந்துவிடக்கூடும். முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, ‘வாகனம் ஒதுக்க வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம்’ என அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்வோம்.

கடன் விஷயத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். கார் ஒப்பந்தம் விற்பனையாளருடன். கடன் ஒப்பந்தம் வங்கியுடன். முன்னதை ரத்து செய்தால் பின்னது தானாக ரத்தாவதில்லை. அனுமதி மட்டும் கிடைத்து, பணம் வழங்கப்படாதிருந்தால் கிளைக்கு ஒரு கடிதம் போதும். பரிசீலனைக் கட்டணத்தை இழக்க நேரலாம். பணம் விற்பனையாளரின் கணக்குக்குப் போயிருந்தால் அன்றிலிருந்தே வட்டி ஏறுகிறது. ‘கார்தான் வரவில்லையே’ என்று மாதத் தவணையை நிறுத்தினால் கடன் தரமதிப்பெண் வீழும். வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். விற்பனையாளர் திருப்பும் தொகை நேராக நம் கடன் கணக்குக்கே வர வேண்டும். முன்கூட்டியே கடனை முடிக்கக் கட்டணம் உண்டா என்பதை, ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு வழங்கப்படும் முக்கிய விவர அறிக்கையில் காணலாம்.

கணக்கு முடிந்ததும் நிலுவையின்மைச் சான்றைப் பெற்று, தானியங்கித் தவணைப் பிடித்த ஆணையையும் நீக்கச் செய்வோம். பதிவுச் சான்றில் வங்கியின் அடமானக் குறிப்பு ஏறியிருந்தால் அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். பழைய காரை மாற்றுக்குக் கொடுத்திருந்தால், அதற்காகக் கையெழுத்திட்டுத் தந்த 29, 30 ஆகிய பெயர்மாற்றப் படிவங்களையும் மறவாமல் கேட்டு வாங்கிவிட வேண்டும்.