தேடும் கைக்கு எட்ட வேண்டும்

நூலகத்தில் நூலைத் தேடுவதும் வங்கியில் பழைய கணக்கைத் தேடுவதும் ஏறத்தாழ ஒன்றே. தேடும் பொருள் உள்ளேதான் இருக்கிறது. அதைச் சென்றடையும் வழியே நமக்குத் தேவை.

அண்மையில் எங்கள் கிளைக்கு ஓர் அம்மையார் வந்தார். மறைந்த கணவரின் பெயரில் வைப்புத்தொகை ஒன்று இருந்ததாக நினைவு, ரசீது இல்லை. அவர் சொன்ன பெயரைக் கணினியில் தேடினோம், கிடைக்கவில்லை. ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாகப் பின்னால் இருந்தது. எங்கள் பழைய பதிவிலோ அது முன்னால் ஒற்றைத் தலைப்பெழுத்தாக நின்றது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு. பழைய முகவரியைக் கொண்டு தேடிய பின்னரே கணக்கு அகப்பட்டது. பணம் எங்கும் போய்விடவில்லை. பெயர்தான் வழியை மறித்திருந்தது.

நூலகர்கள் நெடுங்காலமாக அறிந்த சிக்கல் இது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துவந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை, நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து எண்ணிடுகிறது. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு எனச் சலித்துத் தேடுகிறோமே, அதுவும் இத்தகைய சிந்தனையே.

இப்போது காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகத்தில், பல நிறுவனங்களின் நூல்களை ஒரே இடத்திலிருந்து தேடலாம். வங்கித்துறையிலும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. 10 ஆண்டுகளுக்கு மேல் உரிமை கோரப்படாத வைப்புகளை, அதில் இணைந்துள்ள பல வங்கிகளிலும் ஒருசேரத் தேட அது உதவுகிறது. தொகையைப் பெற மட்டும் உரிய வங்கியை அணுக வேண்டும்.

நாளைய தேடல் இன்னும் எளிதாகும். தாய்மொழியில் வாய்விட்டுக் கேட்டால் போதும். பழைய கையெழுத்துப் பதிவுகளையும் கணினி படிக்கும். வெவ்வேறாக எழுதப்பட்ட ஒரே பெயரை இனங்காணும். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. செயற்கை நுண்ணறிவு இல்லாத ஒன்றையும் இருப்பதுபோல் சரளமாகச் சொல்லிவிடக்கூடும். நல்ல நூலகர் விடையைக் கூறுவதோடு அது உள்ள பக்கத்தையும் திறந்து காட்டுவார். நாளைய கருவியிடமும் நாம் அதையே கேட்க வேண்டும். பணம் தொடர்பான விடையென்றால், ஆதாரத்தைக் காணாமல் ஏற்றல் ஆகாது.

மேலும், எத்தகைய கருவியானாலும் பதிவில் உள்ளதையே தேடித்தர இயலும். ஆகவே வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் ஒரேவிதமாக உள்ளதா எனப் பாருங்கள். நாமினியைப் பதிவு செய்யுங்கள். முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் கிளைக்குத் தெரிவியுங்கள். எந்த வங்கியில் என்ன கணக்கு உள்ளது என்பதை இல்லத்தில் ஒருவருக்கேனும் சொல்லி வையுங்கள்.

அந்த அம்மையார் மூன்று முறை கிளைக்கு வர நேர்ந்தது. இன்று நாம் சரியாக எழுதிவைத்தால், நாளை நம் வீட்டார் ஒரே முறை வந்தால் போதும்.