ஊவாவின் இணையத்தளங்கள்: எது புதுமை?

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஆரம்பமானது. வாங்குவோரும் தரகர்களும் ஒரே மண்டபத்தில் கூடிக் குரல் கொடுத்து நடத்தி வந்த அந்த ஏலம், கொவிட் பெருந்தொற்றுக் காரணமாக 2020 ஏப்ரலில் கணினித் திரைக்கு மாறியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம் சில வாரங்களுக்குள் மாறிப்போனது. ஆனால், அதே தேயிலையைச் சிறு பொதிகளாக்கி நேரடியாக விற்க முயலும் பதுளை வர்த்தகர்கள் சிலரது இணையத்தளங்களையோ, எல்லவிலும் ஹப்புத்தளையிலும் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்கள் சிலவற்றின் இணையத்தளங்களையோ திறந்து பார்த்தால், பல வருடங்களுக்கு முன் எழுதி வைத்த விலைப்பட்டியலே இன்னும் நம்மை வரவேற்கின்றது.

இதற்குப் பரிகாரமாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது புதிய வடிவமைப்பே. திரை முழுவதும் ஓடும் காணொளி, கறுப்புப் பின்னணி, அசையும் எழுத்துகள், தானாகப் பதில் கூறும் உரையாடல் பெட்டி என வடிவமைப்பாளர்கள் பட்டியல் தருகின்றனர். இவற்றில் எதுவும் கூடாது என்பதல்ல நமது வாதம். எனினும், இணைய உலகின் பாணிகள் எவ்வளவு விரைவாக உதிர்ந்து போகின்றன என்பதற்கு பிளாஷ் தொழில்நுட்பம் தக்க சான்றாகும். 2000களில் அசையும் படங்களுடன் கூடிய பிளாஷ் முகப்பு இல்லாத ஹோட்டல் இணையத்தளம் நாகரிகமற்றதாகக் கருதப்பட்டது. அதன் உரிமையைக் கொண்டிருந்த அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் அதற்கான ஆதரவை நிறுத்திக் கொண்டது. பெரும் பணம் செலவிட்டு அமைத்த முகப்புகள் வெற்றுப் பெட்டிகளாயின.

அவ்வாறாயின் நிலைத்து நிற்கும் மாற்றங்கள் எவை? முதலாவது, கைத்தொலைபேசி. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளும் முறைக்கு ஈதன் மார்க்கொட் என்ற வடிவமைப்பாளர் 2010இல் பெயரிட்டார். இன்று அது பாணியன்று, அடிப்படை. கூகுள் தேடற்பொறியும் 2016இல் அறிவித்துப் படிப்படியாக நடைமுறைப்படுத்திய மாற்றத்தின்படி, ஓர் இணையத்தளத்தின் கைத்தொலைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அதனை மதிப்பிடுகின்றது. கணினியில் அழகாகத் தோன்றி, கைத்தொலைபேசியில் விரல்களால் பெருப்பித்துப் பார்க்க வேண்டிய பக்கம், தேடலில் பின்தள்ளப்பட்டு விடுகின்றது.

இரண்டாவது, வேகம். பக்கத்தின் பிரதான பகுதி 2.5 செக்கன்களுக்குள் தோன்ற வேண்டுமென்பது கூகுளின் அளவுகோல். மலை மடிப்புகளுக்குள் அலைவரிசை வந்து வந்து மறையும் பசறை, லுணுகலை வீதிகளில் இந்த 2.5 செக்கன் எளிதானதன்று. புகைப்படக் கருவியிலிருந்து எடுத்த 5 மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றுவதுதான் பெரும்பாலான தாமதத்துக்குக் காரணம். அதே படத்தைச் சுருக்கினால் 200 கிலோபைட்டுக்குள் அடக்கிவிடலாம். கைத்தொலைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது. முற்கொடுப்பனவு டேட்டாவில் பார்ப்பவரின் பணமும் மிஞ்சும்.

மூன்றாவது விடயத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அது தமிழ். நமது பகுதியின் பழைய இணையத்தளங்கள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினியில் நாம் காண்பது தமிழாயினும், கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டுள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பக்கம் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, 'பதுளை' என ஒருவர் தமிழில் தேடும்போது அந்தக் கடை அகப்படவே மாட்டாது என்பதுதான். யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இலக்கங்கள் உண்டு என்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. விலைப்பட்டியலைப் படமாக்கி இடுவதும் இதே தவறின் மறுவடிவமே. படத்திலுள்ள எழுத்தைத் தேடற்பொறி நம்பகமாகப் படிக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 'இலங்கை' எனத் தமிழிலேயே முடியும் முகவரி 2010ஆம் ஆண்டு முதல் நமக்கு உண்டு. அதனைப் பயன்படுத்தும் மலையக வர்த்தகர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

பாதுகாப்பு விடயத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. குறியாக்கம் செய்யப்படாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் 'பாதுகாப்பற்றது' எனக் காட்டி வருகின்றது. இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கின்றது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தினர், தமது விடுதியின் இணைய முகவரி காலாவதியான பின்னரே அது வடிவமைத்தவரின் பெயரில் பதிவாகியிருந்ததை அறிந்தனர். அவர் வெளிநாடு சென்றுவிட்டார். கடவுச்சொல்லும் அவருடனேயே சென்றுவிட்டது. முகவரி வேறு, பக்கங்கள் சேமிக்கப்படும் இடம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே கட்டணமும் தவணையும் உண்டு. இரண்டும் உரிமையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருத்தல் வேண்டும். காணி உறுதியைப் பிறர் பெயரில் எழுதி வைப்போமா? முகநூல் பக்கம் மட்டும் போதுமென்பாரும் உளர். அது வாடகை வீடு, விதிகள் உரிமையாளருடையவை.

தகவல் உண்மையாக இருத்தல் என்பதையே நாம் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகின்றோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளையும் பெரும் உயிரிழப்புகளையும் ஏற்படுத்தியது. வீதிகள் தடைப்பட்டன, மலையகப் புகையிரதப் பாதை சேதமுற்றது. அத்தகைய வாரங்களில் பயணி தேடுவது ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது ரயில் செல்லும் காணொளியை அன்று. பாதை திறந்துள்ளதா, விடுதி இயங்குகின்றதா, முற்பணம் மீளக் கிடைக்குமா என்பதையே தேடுகின்றார். திகதியிட்ட நான்கு வரிகள் போதுமானவை. உரிமையாளரே தமது கைத்தொலைபேசியிலிருந்து அவ்வரிகளை மாற்ற இயலாத தளம், எத்துணை அழகாயினும் பழைய தளமே.

இங்கு இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கொழுந்துக் கூடையுடன் புன்னகைக்கும் பெண்ணின் படமில்லாத தேயிலை இணையத்தளம் அரிது. அப்பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட்டதா? அவரது தோட்டத்தின் பெயரேனும் படத்தின் கீழ் உண்டா? இன்றைய கொள்வனவாளர் பலர் தேயிலை எங்கே, எவரால் பறிக்கப்பட்டது என வினவுகின்றனர். தோட்டம், உயரம், பறித்த மாதம் ஆகியவற்றை எழுதுவதற்குச் செலவேதுமில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்றினால் ஊவாத் தேயிலைக்குக் கிட்டும் தனி மணத்தை விளக்கும் இரண்டு பந்திகள், வாடகைக்கு வாங்கிய எந்தக் காணொளியையும் விட அதிகம் விற்பனை செய்யும் என்பது நமது அபிப்பிராயம்.

அப்பருவம் தொடங்குமுன் தளத்தைச் சீர்செய்ய விரும்புவோர் வடிவமைப்பாளரை அழைப்பதற்கு முன்பாக, மலிவான கைத்தொலைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு பதுளையிலிருந்து பசறை செல்லும் பஸ்ஸில் ஏறி, தமது பக்கத்தைத் தாமே ஒருமுறை திறந்து பார்க்கட்டும். தொலைபேசி இலக்கம் சரியா, விலை இவ்வருடத்தினுடையதா, படம் வருமுன் பொறுமை தீர்ந்ததா எனக் குறித்துக் கொள்ளட்டும். வடிவமைப்பாளரிடம் கொடுக்க வேண்டிய பட்டியல் அதுவே.