புள்ளிகள் பெருகினால் படம் தெளியுமா?

சங்கங்கள் தம் சரக்கைப் படமெடுத்துக் கைப்பேசி வழியே வெளியூரார்க்குக் காட்டி விற்கும் காலம் இது. அண்மையில் மரக்காணம் பக்கம் ஒரு சங்கத்திற்கு மேற்பார்வைக்குச் சென்றிருந்தோம். “படத்தில் கண்ட நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு” என்று சில சேலைகள் திரும்பி வந்திருந்தன. ஆகவே 108 மெகாபிக்சல் காமிரா உள்ள கைப்பேசி வாங்க வேண்டுமென்று நிர்வாகக் குழுவின் முன் ஒரு தீர்மானம் இருந்தது. அங்கத்தினர் பணம் செலவாகும் விஷயமாதலின் இதனைச் சற்று ஆராய்தல் நலம்.

மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். 1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் அமைத்த மின்னணுக் காமிராவின் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. அந்நிலையிலிருந்து புள்ளிகள் கூடக்கூடப் படம் தெளிந்தது உண்மை. ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. 12 மெகாபிக்சல் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் ஏறத்தாழ 13 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் வரும். 1920-க்கு 1080 அளவுள்ள திரை காட்டுவதோ சுமார் 20 லட்சம் புள்ளிகளே.

நம் உப்பளத்தையே உவமையாகக் கொள்வோம். ஒரே நிலத்தில் வரப்புகளைப் பெருக்கினால் பாத்திகளின் எண்ணிக்கை கூடும். அந்நிலத்தில் விழும் வெயில் கூடுமோ? காமிராவினுள் ஒளியை ஏற்கும் சில்லும் அத்தகையதே. பரப்பு மாறாமல் புள்ளிகள் பெருகினால் ஒவ்வொன்றுக்கும் கிட்டும் ஒளி குறைகிறது. மங்கிய வெளிச்சத்தில் படம் மணல் தூவினாற்போல் தோன்றும். இதனாலேயே, 2020-இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் 108 மெகாபிக்சல் காமிரா, வழக்கமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமே தருகிறது.

புள்ளி மிகுதியால் பயனே இல்லை என்பதன்று. பெரிய விளம்பரத் தட்டி அச்சிடவும், படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்கி இழையின் நயத்தைக் காட்டவும் அது உதவும். நெருங்கிய கட்டமிட்ட துணியில், நெசவில் இல்லாத அலைக்கோலம் படத்தில் தோன்றுவதும் அதனால் குறையலாம். காமிராவைச் சற்று முன்பின் நகர்த்தினாலும் அக்குறை பெரும்பாலும் நீங்கும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் வேறு. மஞ்சள் விளக்கின் கீழும் குழல்விளக்கின் கீழும் ஒரே சேலை இரு நிறம் காட்டும். உப்புக் குவியலை நடுப்பகலில் எடுத்தாலோ, மிகுந்த வெண்மையைக் கண்ட காமிரா ஒளியைத் தானே குறைத்துக்கொள்வதால் உப்பு சாம்பல் நிறமாய்த் தெரியும். இவற்றைப் புள்ளிகள் திருத்தா.

எனவே அன்பர்கள் செய்யத்தக்கவை சில. விளக்குகளை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் படமெடுங்கள். கடற்காற்றால் வில்லையில் படியும் உப்பீரத்தை மெல்லிய துணியால் துடையுங்கள். உப்பை எடுக்கும்போது திரையில் வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். அனுப்புமுன் படத்தையும் பொருளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

அன்று திரும்பி வந்த அரக்குச் சேலையொன்றைப் பழைய கைப்பேசியாலேயே தாழ்வாரத்தில் படமெடுத்துப் பார்த்தோம். அரக்கு அரக்காகவே தெரிந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் ஒரு நெசவாளியின் உழைப்பு. அதனைக் காக்க முதலில் வேண்டுவது நல்ல வெளிச்சமே.