இதய மேலறை நடுக்கத்திற்கான நுண்துளை அறுவை சிகிச்சை

ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் எனப்படும் இதய மேலறை நடுக்கம் என்பது, இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும் நோய் ஆகும். மார்பெலும்பைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகளிட்டு இதனைச் சரிசெய்யும் முறையே நுண்துளை அறுவை சிகிச்சை.

நோயின் தன்மை

இதயத் துடிப்பை வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணு தொடங்கி வைக்கிறது. இந்நோயில் வேறு இடங்களிலிருந்தும் மின்தூண்டல்கள் கிளம்புவதால் மேலறைகள் நிமிடத்திற்கு 300 முறைக்கு மேல் நடுங்குகின்றன. அப்போது இடது மேலறையின் பை போன்ற நீட்சியில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இந்நோயாளிகளுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

வரலாறு

தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. இதன் அடிப்படையில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987இல் ‘மேஸ்’ அறுவை சிகிச்சையைச் செய்தார். மேலறையில் வெட்டித் தைத்த கோடுகள் தழும்பாகி, தவறான மின்தூண்டல்களைத் தடுத்தன. ஆனால் அதற்கு மார்பைத் திறக்க வேண்டியிருந்தது. அத்தூண்டல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் தோன்றுவதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதன்பின் துளைவழி முறை வளர்ந்தது.

செய்முறை

முழு மயக்கத்தில், மார்பின் இருபுறமும் சிறு துளைகளிட்டுக் கேமராவும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் சிரைகளைச் சுற்றிலும் ரேடியோ அலை வெப்பத்தால் தழும்பு உண்டாக்கப்படுகிறது. மேலறை நீட்சியும் பெரும்பாலும் மூடப்படுகிறது.

பலனும் இடரும்

தொடை இரத்தக்குழாய் வழியே செய்யப்படும் கதீட்டர் சிகிச்சையுடன் இதனை ஒப்பிட்ட 124 பேர் ஆய்வு 2012இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் நோய் திரும்பாதவர்கள் அறுவை சிகிச்சையில் சுமார் 66 விழுக்காடு, கதீட்டரில் 37. ஆனால் பாதகமான விளைவுகளும் அறுவை சிகிச்சையிலேயே அதிகம்: 34 விழுக்காட்டுக்கு எதிராக 16. எனவே பலருக்கு மருந்து, கதீட்டர் ஆகியவற்றுக்குப் பின்னரே இது பரிசீலிக்கப்படுகிறது.

வடசென்னையும் இதய நோயும்

இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை, 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் செய்ததாகும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் நாடும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இதய நோய்ப் பிரிவு உள்ளது.

நெருக்கமான குடியிருப்புகளில் தொண்டைத் தொற்று எளிதில் பரவும். சரியாகக் கவனிக்காவிட்டால் சில சிறுவர்களுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாகி, ஈரிதழ் வால்வைச் சுருக்கிவிடும். பல ஆண்டுகளுக்குப் பின் மேலறை விரிந்து நடுக்கம் தோன்றும். இத்தகையோருக்குத் துளைவழிச் சிகிச்சை மட்டும் போதாது. வால்வையும் சரிசெய்ய வேண்டும். வால்வு அறுவையின்போதே மேஸ் முறையையும் சேர்த்துச் செய்வதுண்டு. இவர்களுக்கு இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் வகை மருந்தே ஏற்றது என்பதை 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிசெய்தது.

கண்டறிதல்

மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தால் துடிப்பின் ஒழுங்கின்மை தெரியக்கூடும். ஈசிஜி அதனை உறுதிசெய்யும். படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு எதுவுமே தெரியாது. சிகிச்சைக்குப் பின் துடிப்பு சீரானாலும், இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.